ஒரே பட்டன், இரண்டு வேலை: எக்ஸெல் டூல்பாரில் டாகிள் அமைக்கலாம்

எக்ஸெல் தொகுப்பில் எழுத்துக்களைத் தடிமனாக்க, பி என்று எழுதியிருக்கும் பட்டனை அழுத்துகிறோம். அதே பட்டனை மறுபடியும் அழுத்தினால் எழுத்து பழையபடி ஆகிவிடுகிறது. இப்படி ஒரே பட்டன் ஒருமுறை அழுத்தினால் ஒரு வேலையையும், மறுமுறை அழுத்தினால் அதற்கு நேர் எதிரான வேலையையும் செய்தால், அதை டாகிள் என்று அழைக்கிறோம். எக்ஸெல்லில் இது போன்ற பட்டன்கள் பல உள்ளன. ஆனால் நமக்கு வேண்டியது அவற்றில் இல்லை என்றால் என்ன செய்வது? நாமே ஒன்றை உருவாக்கி டூல்பாரில் வைத்துக் கொள்ளலாம். இதற்கு புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று ஆங்கில எழுத்துக்களை டைப் செய்தால் போதும்.

எங்கே பயன்படும்?

அறந்தாங்கியில் என் சித்தப்பா ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் பைப், மோட்டார் உதிரிகள், பெயிண்ட் எல்லாம் அங்கே கிடைக்கும். கடையின் விலைப்பட்டியல் முழுவதும் எக்ஸெல்லில் உள்ளது. பொருளின் பெயர், அளவு, கையிருப்பு, விற்கும் விலை ஆகியவற்றோடு எஃப் என்ற நெட்டு வரிசையில் வாங்கிய விலையும் இருக்கிறது. சரக்கு எடுக்கும்போது இந்த வரிசை கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது தெரியக் கூடாது. 840 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 960 ரூபாய்க்கு விற்கிறோம் என்று நாகுடியிலிருந்தோ ஆவுடையார்கோவிலிலிருந்தோ வந்த ஒருவர் திரையில் பார்த்துவிட்டால், பேரம் 850ல்தான் தொடங்கும். மாலை பஸ்ஸில் அந்த விலை ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஆட்கூலி, வாடகை, வண்டிச் சத்தம் எல்லாம் அந்த 120 ரூபாய்க்குள் அடங்கியிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் விளக்க முடியாது.

வரிசையின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுத்தால் அது மறையும். மீண்டும் கொண்டுவர இரு பக்கத்து வரிசைகளையும் செலக்ட் செய்து அன்ஹைட் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் முப்பது முறை இப்படிச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. எனவே அங்கே ஒரு டாகிள் பட்டன் அமைத்துக் கொடுத்தேன். அதை அமைக்கும் வழியை இங்கு பார்க்கலாம். முதலில் அது செயல்படும் முறையைப் புரிந்து கொள்வோம்.

மாடிப்படி விளக்கு

மாடிப்படி விளக்கிற்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். கீழே போட்டு மேலே அணைக்கலாம். மேலே போட்டு கீழே அணைக்கலாம். இந்த அமைப்பில் சுவிட்ச் மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்று பார்த்து விளக்கு எரிகிறதா என்று சொல்ல முடியாது. பல்பைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸெல்லும் அப்படித்தான். ஒரு வரிசையை உங்கள் பட்டனும் மறைக்கலாம். கடையில் இன்னொருவர் ரைட் கிளிக் செய்தும் மறைக்கலாம். ஆகவே ‘சென்ற முறை நான் மறைத்தேன், இந்த முறை காட்ட வேண்டும்’ என்று தன் நினைவை நம்பிச் செயல்படும் பட்டன் என்றாவது ஒருநாள் தவறு செய்யும். நல்ல டாகிள் எதையும் நினைவில் வைத்துக் கொள்ளாது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், ‘இப்போது நிலை என்ன?’ என்று ஒர்க் ஷீட்டிடமே கேட்கும். கிடைக்கும் பதிலுக்கு எதிரானதைச் செய்யும். இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்.

முதல் பயிற்சி: கட்டக் கோடுகள்

ஒர்க் ஷீட்டில் தெரியும் கட்டக் கோடுகளுக்கு ஒரு டாகிள் அமைத்துப் பழகுவோம். உங்கள் கணக்கு பைலில் நேரடியாகச் சோதிக்காமல், அதன் நகல் ஒன்றில் செய்து பாருங்கள். இங்கே தரப்பட்டுள்ளது விண்டோஸ் கம்ப்யூட்டரில் இயங்கும் எக்ஸெல்லுக்கான வழி.

1. வியூ டேப்பில் கிளிக் செய்து, வலது பக்கம் உள்ள மேக்ரோஸ் என்பதன் கீழ் இருக்கும் சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்யவும். கிடைக்கும் மெனுவில் ரெகார்ட் மேக்ரோ என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. கிடைக்கும் டயலாக் பாக்ஸில் மேக்ரோவிற்கு ஒரு பெயர் தரவும். கட்டம் என்பதையே ஆங்கில எழுத்துக்களில் தரலாம். பெயருக்கு இடையில் இடைவெளி இருக்கக் கூடாது. எங்கே சேமிப்பது என்று கேட்கும் இடத்தில் திஸ் ஒர்க்புக் என்று இருக்கட்டும். ஓகே கிளிக் செய்யவும்.

3. இனி நீங்கள் செய்வதையெல்லாம் எக்ஸெல் குறித்துக் கொள்ளும். வியூ டேப்பில் கிரிட்லைன்ஸ் என்பதன் அருகே உள்ள டிக் அடையாளத்தை எடுக்கவும். கோடுகள் மறையும்.

4. மீண்டும் மேக்ரோஸ் மெனு சென்று ஸ்டாப் ரெகார்டிங் கொடுக்கவும்.

இப்போது கிடைத்துள்ள மேக்ரோ கோடுகளை மறைக்க மட்டுமே செய்யும். எத்தனை முறை இயக்கினாலும் மறைக்கும், காட்டாது. இதனை டாகிளாக மாற்ற வேண்டும்.

அந்த மூன்று எழுத்துக்கள்

ஆல்ட் கீயுடன் எஃப்8 கீயை அழுத்தவும். மேக்ரோக்களின் பட்டியல் கிடைக்கும். உங்கள் மேக்ரோவைத் தேர்ந்தெடுத்து எடிட் என்பதைக் கிளிக் செய்யவும். விஷுவல் பேசிக் எடிட்டர் என்னும் தனி விண்டோ திறக்கும். புதியவர்கள் இதைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். அதற்கு அவசியமில்லை. பச்சை நிறத்தில் உள்ள வரிகள் வெறும் குறிப்புகள்தான். அவற்றின் கீழே ஒரே ஒரு வரிதான் உண்மையான கட்டளை.

அந்த வரியின் நடுவில் ஒரு சமக்குறி இருக்கும். அதன் இடது பக்கம், ஆக்டிவ்விண்டோ என்ற சொல், ஒரு புள்ளி, டிஸ்பிளேகிரிட்லைன்ஸ் என்ற சொல் ஆகியவை சேர்ந்து இருக்கும். ‘இப்போது திறந்துள்ள விண்டோவில் கட்டக் கோடுகள் தெரிகின்றனவா?’ என்பது இதன் பொருள். வலது பக்கம் ஃபால்ஸ் என்று இருக்கும். அதாவது ‘இல்லை’. இனி கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. வலது பக்கம் உள்ள ஃபால்ஸ் என்ற சொல்லை அழிக்கவும்.

2. அதே இடத்தில் என், ஓ, டி ஆகிய மூன்று எழுத்துக்களைக் கொண்ட நாட் என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்யவும். பின்னர் ஒரு இடைவெளி விடவும்.

3. சமக்குறிக்கு இடது பக்கம் இருப்பதை அப்படியே செலக்ட் செய்து, கண்ட்ரோல் மற்றும் சி கொடுத்துக் காப்பி செய்யவும். நாட் என்ற சொல்லுக்குப் பின்னால் கண்ட்ரோல் மற்றும் வி கொடுத்து ஒட்டவும்.

4. என்டர் தட்டவும். நாட் என்ற சொல் நீல நிறத்திற்கு மாறினால், எக்ஸெல் அதனைப் புரிந்து கொண்டது என்று பொருள்.

இப்போது அந்த வரி என்ன சொல்கிறது? எக்ஸெல் எப்போதும் சமக்குறியின் வலது பக்கத்தை முதலில் பார்க்கும். கோடுகள் இப்போது தெரிகின்றனவா என்று கேட்கும். ‘ஆம்’ என்றால் நாட் அதை ‘இல்லை’ ஆக்கும். ‘இல்லை’ என்றால் ‘ஆம்’ ஆக்கும். அந்த எதிர்ப் பதில் இடது பக்கத்திற்குப் போகும். சுவிட்சைப் பார்க்காமல் பல்பைப் பார்ப்பது என்று சொன்னேனே, அது இந்த ஒரே வரியில் நடந்து முடிகிறது.

எடிட்டரை மூடிவிட்டு, ஆல்ட் மற்றும் எஃப்8 அழுத்தி, ரன் கொடுத்துப் பாருங்கள். ஒருமுறை மறையும், மறுமுறை தெரியும்.

டூல்பாரில் பட்டனாக வைக்க

எக்ஸெல் 2003 வரை நாம் விரும்பியபடி புதிய டூல்பார்களையே உருவாக்கும் வசதி இருந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் ரிப்பன் வந்த பின்னர், அதன் இடத்தைக் குயிக் அக்சஸ் டூல்பார் பிடித்துக் கொண்டது. எக்ஸெல் விண்டோவில் சேவ், அன்டூ ஐகான்களோடு காணப்படும் சிறிய பட்டைதான் அது. உங்கள் கம்ப்யூட்டரில் அது தெரியவில்லை என்றால், ரிப்பன் மீது ரைட் கிளிக் செய்து, ஷோ குயிக் அக்சஸ் டூல்பார் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

1. ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, இடது பக்கப் பட்டியலில் குயிக் அக்சஸ் டூல்பார் என்பதைக் கிளிக் செய்யவும்.

2. எங்கிருந்து கட்டளையைத் தேர்ந்தெடுப்பது என்ற கீழ்விரி பெட்டியில் மேக்ரோஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். உங்கள் மேக்ரோ கீழே தெரியும்.

3. வலது பக்கம் மேலே உள்ள பெட்டியில், எல்லா பைல்களுக்கும் என்பதற்குப் பதிலாக உங்கள் பைலின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும். அப்போதுதான் இந்த பைல் திறந்திருக்கும்போது மட்டும் பட்டன் தெரியும்.

4. ஆட் பட்டனை அழுத்தவும். பின்னர் மாடிஃபை என்பதைக் கிளிக் செய்து, பிடித்த ஐகானையும் பெயரையும் தந்து ஓகே கொடுக்கவும்.

மவுஸைத் தொடாமலும் இதை இயக்கலாம். ஆல்ட் கீயை ஒருமுறை தட்டினால், இந்தப் பட்டையில் உள்ள ஒவ்வொரு பட்டனின் மீதும் ஒரு எண் தெரியும். அந்த எண்ணை அழுத்தினால் போதும்.

ஒரு குறை உண்டு. தடிமனுக்கான பட்டன் போல, இந்தப் பட்டன் அழுந்திய நிலையில் நிற்காது. பழைய டூல்பாரில் பட்டனின் நிலையை மேக்ரோ மூலமே மாற்ற முடிந்தது. இப்போது அந்தத் தோற்றம் வேண்டும் என்றால், ரிப்பனுக்கென்று தனி பைல் ஒன்றை எழுத வேண்டும். அது அடுத்த நிலைப் பாடம். நம் வேலைக்கு இது பெரிய குறை அல்ல. வரிசை தெரிகிறதா, இல்லையா என்பதைத் திரையே சொல்லிவிடும்.

இரண்டாம் பயிற்சி: வாங்கிய விலை

இனி கடைக்குத் தேவையான பட்டனை அமைப்போம். தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைச் சரி பார்க்கவும். ஒன்று, விலைப்பட்டியல் உள்ள ஷீட்டின் பெயரை ஆங்கில எழுத்துக்களில் வைக்கவும். விஷுவல் பேசிக் எடிட்டர் தமிழ் எழுத்துக்களைச் சரியாகக் கையாளாது. இரண்டு, மேலே கடைப் பெயர் பெரிதாகத் தெரிவதற்காகப் பல செல்களை மெர்ஜ் செய்து வைத்திருந்தால், அதனை நீக்கவும். மெர்ஜ் செய்த செல் எஃப் வரிசையைத் தொட்டிருந்தால், மேக்ரோ அந்த ஒரு வரிசையோடு நிற்காமல், செல் பரவியுள்ள எல்லா வரிசைகளையும் சேர்த்து மறைத்துவிடும்.

1. பைலில் உள்ள வேறொரு ஷீட்டிற்குச் செல்லவும். அங்கிருந்து ரெகார்ட் மேக்ரோ கொடுக்கவும்.

2. முதல் வேலையாக விலைப்பட்டியல் ஷீட்டின் டேப்பில் கிளிக் செய்யவும். இது மிகவும் முக்கியம். இதைச் செய்யாவிட்டால், நீங்கள் எந்த ஷீட்டில் இருக்கிறீர்களோ அந்த ஷீட்டின் எஃப் வரிசை மறையும். பாக்கி எழுதிய ஷீட்டில் இருக்கும்போது பட்டனை அழுத்தினால், பாக்கித் தொகை காணாமல் போனது போல் தோன்றும்.

3. எஃப் என்ற தலைப்பில் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுக்கவும்.

4. ஷீட்டின் முதல் செல்லில் கிளிக் செய்யவும். கர்சர் மறைந்த வரிசையில் தங்காமல் இருக்கவே இது. பின்னர் ஸ்டாப் ரெகார்டிங் கொடுக்கவும்.

எடிட்டரில் பார்த்தால் இப்போது சில வரிகள் இருக்கும். அவற்றில் சமக்குறி உள்ள வரியைத் தேடவும். இடது பக்கம் செலக்ஷன், என்டையர்காலம், ஹிடன் ஆகிய மூன்று சொற்களும் இடையில் புள்ளிகளுடன் இருக்கும். வலது பக்கம் ட்ரூ இருக்கும். முன்பு செய்தது போலவே ட்ரூ என்பதை அழித்து, நாட் டைப் செய்து, இடைவெளி விட்டு, இடது பக்கத்தைக் காப்பி செய்து ஒட்டவும். பட்டனாக டூல்பாரில் சேர்க்கவும்.

இரண்டு வரிசைகளை மறைக்க விரும்பினால் அவற்றை அடுத்தடுத்து வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று தெரிந்து மற்றொன்று மறைந்திருந்தால், ‘மறைந்துள்ளதா?’ என்ற கேள்விக்கு எக்ஸெல்லால் ஒரே பதிலைத் தர முடியாது. அப்படி நேர்ந்தால், கையால் இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டு வந்துவிட்டுப் பட்டனை அழுத்தவும். ஷீட்டைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருந்தாலும், பூட்டும்போது ஃபார்மட் காலம்ஸ் அனுமதி தரவில்லை என்றால் பட்டன் வேலை செய்யாது.

அச்சிட டாகிள் வேண்டாம்

டாகிள் பட்டன் கண்ணால் பார்த்து அழுத்துவதற்கு மட்டுமே ஏற்றது. பார்க்காமல் அழுத்தினால், மறைந்திருந்த வரிசையை அதுவே வெளியில் கொண்டு வந்துவிடும். மாடிப்படி விளக்கு அணைந்திருக்கும்போது சுவிட்சைத் தட்டினால் அது எரியத்தானே செய்யும்! கடை மும்முரத்தில் விலைப்பட்டியலை அச்சிட்டுக் கொடுப்பவர், ‘எதற்கும் ஒருமுறை அழுத்தி வைப்போம்’ என்று அழுத்தினால், வாங்கிய விலையுடன் தாள் வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும்.

எனவே அச்சிட இன்னொரு மேக்ரோவை ரெகார்ட் செய்யுங்கள். வேறு ஷீட்டில் தொடங்கி, விலைப்பட்டியல் ஷீட்டைக் கிளிக் செய்து, எஃப் வரிசையை மறைத்து, முதல் செல்லில் கிளிக் செய்து, பிரிண்டும் கொடுத்து முடிக்கவும். ரெகார்ட் செய்யும்போது ஒரு தாள் அச்சாகும்; பரவாயில்லை. இந்த மேக்ரோவில் எதையும் திருத்த வேண்டாம். ட்ரூ ட்ரூவாகவே இருக்கட்டும். ஏற்கெனவே மறைந்திருந்தாலும், தெரிந்து கொண்டிருந்தாலும், இது மறைத்துவிட்டுத்தான் அச்சிடும். மறைந்த வரிசை தாளில் வராது. பார்வைக்கு டாகிள், வெளியே போகும் தாளுக்கு மறைக்க மட்டுமே தெரிந்த மேக்ரோ என்று இரண்டு பட்டன்கள் வைத்துக் கொள்வதே பாதுகாப்பு.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மறைப்பது பூட்டுவது ஆகாது. பைலை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுபவர் அன்ஹைட் கொடுத்து வாங்கிய விலையைப் பார்த்துவிடலாம். வெளியே அனுப்ப வேண்டும் என்றால், வரிசையை மறைத்த பின் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள்.

நாட் எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. ஆம், இல்லை என்ற இரண்டே நிலைகள் உள்ளவற்றுக்குத்தான் பொருந்தும். எடுத்துக்காட்டாக, எக்ஸெல் கணக்கைத் தானாகப் போட வேண்டுமா, நாம் சொன்னால்தான் போட வேண்டுமா என்று ஒரு செட்டிங் உள்ளது. தானாக என்பதற்கு எக்ஸெல் உள்ளுக்குள் வைத்திருக்கும் எண் மைனஸ் 4105. நாம் சொன்னால் என்பதற்கு மைனஸ் 4135. முதல் எண்ணின் முன் நாட் போட்டால் 4104 என்று ஒரு எண் கிடைக்கும். அப்படி ஒரு நிலையே இல்லாததால் பிழைச் செய்திதான் வரும். இதை டாகிள் ஆக்க வழி இருந்தாலும் புதியவர்கள் தொட வேண்டாம். கணக்கு நின்று போனது தெரியாமல் பழைய கூட்டுத்தொகையை நம்பிப் பணம் வாங்கும் நிலை வரலாம்.

மேக்ரோ இயங்கிய பின் அன்டூ வேலை செய்யாது என்பதையும் நினைவில் வைக்கவும். ஆகவே டாகிள் பட்டன்களைத் தோற்றத்தை மாற்ற மட்டும் பயன்படுத்துங்கள். தகவலை அழிக்கவோ திருத்தவோ பயன்படுத்த வேண்டாம்.

சேமிப்பதும் பாதுகாப்பும்

பைலைச் சேமிக்கும்போது, சேவ் ஆஸ் சென்று, எக்ஸெல் மேக்ரோ எனேபிள்டு ஒர்க்புக் என்ற வகையைத் தேர்ந்தெடுக்கவும். வழக்கமான வகையில் சேமிக்க முயன்றால் எக்ஸெல் ஒரு எச்சரிக்கை தரும். அதில் யெஸ் கொடுத்தால் மேக்ரோ இல்லாமல் பைல் சேமிக்கப்படும். நீங்கள் செய்த வேலை வீணாகும். நோ கொடுத்து வகையை மாற்றவும்.

பைலை அடுத்த முறை திறக்கும்போது, மேலே மஞ்சள் பட்டையில் எனேபிள் கன்டென்ட் என்று கேட்கும். உங்கள் பைல் என்றால் கிளிக் செய்யலாம். முகம் தெரியாதவர் அனுப்பிய பைலில் கிளிக் செய்யாதீர்கள். 1999 மார்ச்சில் உலகெங்கும் மின்னஞ்சல் மூலம் பரவிய மெலிஸா வைரஸ், வேர்ட் பைலுக்குள் இருந்த ஒரு மேக்ரோதான். இதுபோன்ற தொல்லைகளால், இணையம் வழி வந்த பைல்களில் உள்ள மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. கடையிலிருந்து வீட்டிற்கு உங்கள் பைலையே மின்னஞ்சலில் அனுப்பினாலும் தடை வரலாம். அப்போது பைலை மூடிவிட்டு, அதன் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் சென்று, அன்பிளாக் என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே கொடுக்கவும்.

மொபைல் போனில் உள்ள எக்ஸெல்லிலும், பிரவுசரில் திறக்கும் எக்ஸெல்லிலும் இந்தப் பட்டன்கள் இயங்கா. லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றில் மேக்ரோ பதிவாகும் விதம் வேறு என்பதால், இந்த வழி அப்படியே பொருந்தாது.

நீங்களே செய்து பார்க்க

வியூ டேப்பில் கிரிட்லைன்ஸ் அருகிலேயே ஃபார்முலா பார், ஹெடிங்ஸ் என்று இரண்டு பெட்டிகள் உள்ளன. இவை இரண்டுக்கும் தனித்தனியே டாகிள் அமைத்துப் பாருங்கள். ரெகார்ட் செய்யவும், சமக்குறியைத் தேடவும், வலது பக்கத்தை அழிக்கவும், நாட் போடவும், இடது பக்கத்தை ஒட்டவும். பட்டன் தயாரானதும் ஒரு சோதனை செய்யுங்கள். பட்டனைத் தொடாமல், வியூ டேப்பில் உள்ள பெட்டியிலேயே டிக் அடையாளத்தை மாற்றிவிட்டு, அதன் பிறகு பட்டனை அழுத்துங்கள். அப்போதும் ஒரே அழுத்தத்தில் நிலை மாறினால், உங்கள் டாகிள் சரியாக அமைந்துள்ளது.